விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தால் அப்பாவின் அரசு வேலை மகனுக்கு வருமா?

கேள்வி: மருதூரான்

சித்தப்பா ஒருவருக்காகக் கேட்கிறேன். மாநில அரசுத் துறை ஒன்றில் அலுவலக உதவியாளர். வயது 57, ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். சர்க்கரையும் முழங்கால் வலியும் சேர்ந்து மாடிப்படி ஏறி இறங்குவதே பெரும்பாடாக இருக்கிறது. மகனுக்கு 26 வயது, பன்னிரண்டாம் வகுப்பு தேறியவன், நிலையான வேலை இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று.

"இப்போதே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்கள், அதே இடத்தில் மகனைப் போட்டுவிடலாம், அரசாணை இருக்கிறது, நாலு லட்சம் ஆகும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ரயில்வேயில் அப்படிக் கொடுத்தது உண்மைதானே என்று வீட்டிலும் நம்புகிறார்கள். பணிப் பதிவேட்டில் மகன் பெயரை நாமினியாகப் போட்டிருப்பதால் உரிமை உண்டு என்றும் பேச்சு.

விருப்ப ஓய்வில் வேலை வருமா? உடல்நிலையைக் காட்டி ஓய்வு பெற்றால் வருமா? பணியில் இருக்கும்போதே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பணத்தைக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில் 1: பழைய கோப்பு

பணம் கொடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு அரசில் விருப்ப ஓய்வு பெறுபவரின் பிள்ளைக்கு வேலை தரும் அரசாணை எதுவும் கிடையாது. அந்த ஆள் "இருக்கிறது" என்று சொன்னால் எண், நாள், துறை மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார். கருணை அடிப்படை நியமனம் (சம்பாதித்தவரை இழந்த ஊழியர் குடும்பத்துக்குத் தரும் வேலை) பற்றிய ஏதாவது அரசாணையின் நகலைக் காட்டினால், அதை முதல் வரியிலிருந்து படியுங்கள். "பணியிடையே மரணமடைந்த", "மருத்துவக் காரணத்தால் பணிக்குத் தகுதியற்றவராகி ஓய்வு பெற்ற" என்ற இரண்டு வகைதான் அதில் இருக்கும். விருப்ப ஓய்வு என்ற சொல்லே வராது.

விருப்ப ஓய்வு என்பது அடிப்படை விதி 56(3)-இன் கீழ் வருவது. 50 வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது 20 ஆண்டு தகுதியுள்ள பணிக்காலம் முடிந்திருக்க வேண்டும். மூன்று மாத முன்னறிவிப்பு எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸில் "என் மகனுக்குப் பணி வழங்கும் நிபந்தனையின் பேரில்" என்று எழுதினாலும் அலுவலகம் அதைக் கண்டுகொள்ளாது. ஓய்வை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டுவிட்டால் திரும்ப வர வழியும் இல்லை.

இதில் பலருக்கும் தெரியாத பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. விருப்ப ஓய்வு பெற்ற மறுநாள் முதல் அவர் ஓய்வூதியர். அதற்குப் பிறகு அவருக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்ப ஓய்வூதியம் வரும். ஆனால் அது பணியிடை மரணம் ஆகாது, கருணை வேலை கேட்கவே முடியாது. அதாவது, இப்போது இருக்கும் ஒரே சட்டப்படியான பாதுகாப்பையும், மூன்று வருடச் சம்பளத்தையும், தரகருக்குக் கொடுக்கும் நாலு லட்சத்தையும் சேர்த்து இழப்பார்கள்.

நாமினி விஷயம். பணிப் பதிவேட்டில் போடும் நாமினேஷன் பணத்துக்கானது: பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, குடும்பப் பாதுகாப்பு நிதி போன்றவற்றை யார் கையில் கொடுப்பது என்பதற்கு. வேலைக்கு நாமினி கிடையாது. உயில் எழுதியும் வேலையை வைக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பதவி அவருடைய சொத்து இல்லை.

இந்த "சொத்து" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்களில் அது வேர்விட்ட எண்ணம். மணியக்காரர், கர்ணம் ஆகிய கிராமப் பதவிகள் சென்னை மாகாணத்தில் உண்மையிலேயே பரம்பரைப் பதவிகளாக இருந்தன. 1895-ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அப்படித்தான் சொல்லியது. புதிதாக ஒரு பதவி உருவானாலும் பழைய பதவிக் குடும்பத்திலிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று அதன் 6-ஆம் பிரிவில் இருந்தது. அரசியலமைப்பு வந்தபின், ஆந்திரத்தில் ஒரு கிராம முன்சீப் பதவியை வைத்து காசுல தசரத ராமராவ் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1960 டிசம்பரில் தீர்ப்பு. கிராம முன்சீப் பதவியும் அரசின் கீழுள்ள பதவிதான், அதைக் குடும்பத்துக்கென்று ஒதுக்குவது 16(2)-ஆம் உறுப்புக்கு விரோதம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த உறுப்பில் சமயம், சாதி, பால், பிறந்த இடம் என்று அடுக்கும் வரிசையில் "மரபுவழி" என்ற சொல்லும் இருக்கிறது. அரசு வேலையில் ஒருவர் யாருக்குப் பிறந்தார் என்பதை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளையே ஒழித்தது. 1981-இல் அது சட்டமானது, 1982-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. அதன் பிறகுதான் வி.ஏ.ஓ. பதவிக்குத் தேர்வாணையம் மூலம் ஆள் எடுக்கும் முறை வந்தது. கோயில் அர்ச்சகர் பதவியில் வாரிசு உரிமையை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டத்தையும் 1972-இல் சேஷம்மாள் வழக்கில் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே "அப்பா உட்கார்ந்த நாற்காலி" என்ற வாதத்தைக் கேட்கிற இடம் இன்று எதுவும் இல்லை.

பதில் 2: தண்டவாளம்

ரயில்வே பற்றிக் கேட்டீர்கள். நடந்தது உண்மை, இப்போது இல்லை என்பதும் உண்மை. எது எப்போது என்று தெரிந்தால் தரகர் சொல்வதில் எந்தப் பாதி பழைய கதை என்று புரியும்.

2004-இல் பாதுகாப்பு சார்ந்த பணியாளர் ஓய்வுத் திட்டம் என்று ஒன்று வந்தது. ரயில் ஓட்டுநர்களுக்கும், தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன்களுக்கும் மட்டும். வயது ஏற ஏறக் கண் பார்வையும் உடல் வேகமும் குறைவதால் ரயில் பாதுகாப்புக்கே ஆபத்து, அவர்கள் முன்கூட்டியே ஓய்வு பெறட்டும், பதிலுக்கு ஒரு பிள்ளைக்கு வேலை என்பது அதன் கணக்கு. 33 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும். 2010-இல் அதை விரிவாக்கி, 1800 ரூபாய் தர ஊதியத்தில் உள்ள வேறு சில பாதுகாப்புப் பிரிவினரையும் சேர்த்தார்கள். அவர்களுக்குப் பணிக்காலம் 20 ஆண்டு போதும் என்றார்கள். இதைத்தான் ஊழியர்கள் "லார்ஸ்கெஸ்" என்பார்கள். அப்போதும்கூட மகன் தேர்விலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறினால்தான் அப்பாவின் ஓய்வையே ஏற்பார்கள்.

2016 ஏப்ரலில் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம், இது சம வாய்ப்புக்கு விரோதமாகத் தெரிகிறது, மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. 2018 செப்டம்பரில் ரயில்வே வாரியம் திட்டத்தையே முடித்துவிட்டது. ஏற்கெனவே விண்ணப்பித்துக் காத்திருந்த பிள்ளைகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2021 ஜனவரியில் அதுவும் தள்ளுபடியானது. இது புறவாசல் வழி நுழைவு என்றே தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். தெற்கு ரயில்வே சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றிலும் 2022-இல் இதே முடிவுதான்.

இருபது முப்பது வருடம் தண்டவாளத்தில் வெயிலில் நின்ற தோழர்களுக்கு இது வலித்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே கேங்மேன் வேலைக்குத் தேர்வெழுதக் காத்திருந்த, ரயில்வேயில் அப்பா இல்லாத பிள்ளையின் இடத்தையும் அந்தத் திட்டம் எடுத்துக்கொண்டது.

பணியில் இறந்த ரயில்வே ஊழியர் குடும்பத்துக்குக் கருணை நியமனம் இப்போதும் உண்டு. அது தனி. உங்கள் சித்தப்பா மாநில அரசு என்பதால் ரயில்வே சுற்றறிக்கை எதுவும் அவருக்குப் பொருந்தாது.

பதில் 3: மருதூரான்

மிக்க நன்றி. பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது "சரி, மருத்துவச் சான்று வாங்கி உடல் தகுதி இல்லை என்று ஓய்வு பெற்றால்?" என்று கேட்கிறார்கள். தரகரும் அந்தப் பக்கம் தாவிவிட்டார்.

பதில் 4: மதுரை வழக்குரைஞர்

57 வயதில் அந்தக் கதவும் மூடியது. மருத்துவ ஓய்வின் பேரில் பிள்ளைக்கு வேலை கேட்க ஊழியருக்கு ஒரு வயது வரம்பு இருக்கிறது. ஓய்வு நெருங்கியவருக்கு அது கிடைக்காதபடிதான் வரம்பை வைத்திருக்கிறார்கள். மத்திய அரசில் 55 (பழைய நான்காம் பிரிவுப் பணியாளருக்கு 57). மாநில அரசு வைத்திருக்கும் வரம்பையும் 57 வயது தாண்டிவிட்டது. காரணம் எளிது. மூன்று வருடச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, பிள்ளைக்கு முப்பது வருடச் சம்பளம் வாங்குவதைத் தடுக்க வேண்டும். வயது வரம்புக்குள் இருப்பவருக்கும் தனியார் மருத்துவர் கொடுக்கும் சான்று எடுபடாது. துறை அனுப்பும் மருத்துவக் குழுதான் பார்த்துச் சொல்ல வேண்டும். பொய்ச் சான்று கொடுத்துப் பிறகு தெரிந்தால் அப்பாவின் ஓய்வூதியத்துக்கும் மகனின் வேலைக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

உங்கள் சித்தப்பாவுக்கு உண்மையில் உதவக்கூடியது வேறொன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20(4)-ஆம் பிரிவு. பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்ட ஊழியரை அரசு வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. செய்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணி இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை உபரிப் பணியிடம் உண்டாக்கி அதில் வைக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள், விபத்தில் கால் இழந்தவர்கள்கூட இது தெரியாமல் "மகனுக்காவது கிடைக்கட்டும்" என்று ஓய்வு எழுதிக் கொடுத்து இரண்டையும் இழக்கிறார்கள்.

சித்தப்பாவின் முழங்கால் அந்தச் சட்டம் சொல்லும் ஊனம் ஆகுமா என்பதை ஊனச் சான்று தரும் மருத்துவக் குழுதான் அளந்து சொல்லும். ஆகாவிட்டாலும் தரைத்தளத்தில் பணி கேட்டு, அரசு மருத்துவமனை எலும்பு மருத்துவரின் குறிப்பை இணைத்து, அலுவலகத் தலைவருக்கு ஒரு மனு கொடுக்கலாம். மாடிப்படிதான் பிரச்சினை என்றால் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

பதில் 5: பழைய கோப்பு

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கேட்கவே சங்கடமான கேள்விதான், ஆனாலும் எல்லா ஊழியர் வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

முதலில் இதன் தன்மை. 1994-இல் உமேஷ் குமார் நாக்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றுவரை அடித்தளம். சம்பாதித்தவர் திடீரென்று போய்விட்டதால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பதற்காக, எல்லோருக்கும் பொதுவான தேர்வு முறைக்கு ஒரு விதிவிலக்கு. கடைநிலையான மூன்றாம், நான்காம் பிரிவுப் பதவிகளில் மட்டும். இறந்தவர் வகித்த பதவியே வரும் என்று இல்லை. தாசில்தாரின் மகன் தாசில்தார் ஆக முடியாது. படிப்புக்கேற்ப இளநிலை உதவியாளர், தட்டச்சர், ஓட்டுநர், பதிவறை எழுத்தர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர் என்று எது காலியோ அது. ஒரு பதவியை ஏற்றுச் சேர்ந்த பிறகு "எனக்கு இதைவிட உயர்ந்த பதவிக்குத் தகுதி இருந்தது, மாற்றித் தாருங்கள்" என்று கேட்கவும் முடியாது. ஏற்றுக்கொண்டதோடு அந்தச் சலுகை தீர்ந்தது. வேண்டாம் என்றால் சேருவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். 2023-இல் இதற்கென்றே தனி விதித் தொகுப்பும் வந்திருக்கிறது. மனுக்கள் தள்ளுபடியாவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இந்த மூன்று ஆண்டுதான். துக்கம், பங்காளிச் சண்டை, வாரிசுச் சான்று தாமதம் என்று நாள் ஓடிவிடும். இன்னொரு பெரிய காரணம், "பையன் படித்து முடிக்கட்டும்" என்று காத்திருப்பது. சிறுவனுக்காக யாரும் காலியிடத்தைப் பத்திரப்படுத்தி வைக்க மாட்டார்கள். 2000-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில்கூட, அரியானாவில் 1997-இல் பணியிலேயே இறந்த காவலரின் மகன், அப்போது ஏழு வயது, வளர்ந்து வந்து கேட்டபோது கிடைக்கவில்லை. பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் மனைவியே விண்ணப்பிக்க வேண்டும். எட்டாவது படித்திருந்தாலும் அதற்கேற்ற பணி உண்டு. முதலில் அம்மா பெயரில் கொடுத்துவிட்டு, பிறகு மகன் பெயருக்கு மாற்றினால் பழைய தேதி மகனுக்கு வரும் என்று நம்ப வேண்டாம். யார் போவது என்று தொடக்கத்திலேயே குடும்பம் உட்கார்ந்து முடிவு செய்வது நல்லது.

காகிதங்களின் வரிசையும் முக்கியம், ஏனென்றால் ஒன்றை வைத்துத்தான் அடுத்தது வாங்க முடியும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். தாண்டினால் தாமதக் கட்டணம், மேலதிகாரி அனுமதி என்று இழுக்கும். பதிவு செய்யும்போதே பெயரும் முதலெழுத்தும் பணிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் "சு. முருகேசன்", பணிப் பதிவேட்டில் "எஸ். முருகேசன்", இறப்புச் சான்றில் "முருகேசன் சுப்பையா" என்று இருந்தால் இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கவே ஒரு மாதம் போகும்.

அதை வைத்து இ-சேவை மூலம் வாரிசுச் சான்றிதழ். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்துத் தாசில்தார் தருவார். இறந்தவரின் தாயார் உயிருடன் இருந்தால் அவர் பெயரை விட்டுவிடாதீர்கள். விடுபட்ட ஒருவர் ஆட்சேபணை மனு கொடுத்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பிறகு, விண்ணப்பிக்காத மற்ற வாரிசுகள் எல்லோரும் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். கல்விச் சான்று, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று. கணவர் அல்லது மனைவி விண்ணப்பித்தால் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற சான்று. குடும்பம் வறிய நிலையில் இருக்கிறது, வேறு யாரும் அரசுப் பணியில் இல்லை என்ற தாசில்தார் சான்று. கடைசியாகச் சொன்னதில்தான் பெரும்பாலும் சிக்கும்.

வறிய நிலை விசாரணையில் வீடு, நிலம், குடும்ப ஓய்வூதியம், கைக்கு வந்த பணப்பலன் எல்லாம் எழுதுவார்கள். இருப்பதை மறைக்காதீர்கள். பட்டாவும் வங்கிக் கணக்கும் பிறகு வெளியே வரும், பொய்த் தகவல் என்று பல வருடம் கழித்துக்கூட வேலை போகும். சொந்த வீடு இருப்பதாலேயே தள்ளிவிடுவார்கள் என்று இல்லை. அந்த வீட்டின்மேல் கடன் இருந்தால் கடன் பத்திரத்தையும் சேருங்கள். மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன், படிக்கும் பிள்ளைகளின் கட்டண ரசீது இவை எல்லாம் நிலைமையைக் காட்டும் ஆவணங்கள்தான், யாரும் கேட்க மாட்டார்கள், நாமாகத்தான் வைக்க வேண்டும்.

ஒரு மகன் ஏற்கெனவே நிரந்தர வேலையில் இருந்தால் மனு தள்ளுபடியாகும் வாய்ப்பு அதிகம். அவர் இறப்புக்கு முன்பே தனிக்குடித்தனம் போய்விட்டார், பெற்றோருக்கு உதவவில்லை என்றால் அதைத் தாசில்தார் விசாரணையில் நிறுவ வேண்டும். தனிக் குடும்ப அட்டை, வாடகை ஒப்பந்தம், எந்தத் தேதியில் பிரிந்தார் என்பது, இவைதான் பேசும். இறப்புக்குப் பிறகு அவசரமாகப் பிரித்த அட்டை எதிராகவே வேலை செய்யும்.

எல்லாச் சான்றும் வந்தபிறகுதான் மனு என்று உட்காராதீர்கள். இருப்பதை வைத்து மனுவைக் கொடுத்துவிட்டு, "பின்வரும் சான்றுகள் விண்ணப்பிக்கப்பட்டுள்ளன, கிடைத்ததும் சமர்ப்பிக்கிறேன்" என்று எழுதி இ-சேவை ஒப்புகை எண்களையும் குறிப்பிடுங்கள். இறந்தவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தின் தலைவருக்குத்தான் மனு. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு முத்திரைதான் மூன்று ஆண்டுக்குள் கொடுத்ததற்கு உங்கள் கையிலிருக்கும் சாட்சி. அமைச்சருக்கும் முதலமைச்சர் தனிப்பிரிவுக்கும் மட்டும் மனு அனுப்பிவிட்டு, அலுவலகத்தில் கொடுக்காமல் விட்டவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

மனு ஏற்கப்பட்டால் வரிசைப் பட்டியலில் பெயர் ஏறும். காலியிடம் இல்லாவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். பட்டியலில் எந்த இடம் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேட்டால் 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேட்டு வைப்பது நல்ல பழக்கம், மனு தொலைந்து போனதா என்பதும் தெரிந்துவிடும்.

வேலை வந்த பிறகும் இரண்டு விஷயம். முதல் ஆணை தற்காலிகம். பணிவரன்முறை ஆணை, அதாவது பணியை முறைப்படுத்தும் ஆணை, வரும்வரை விடாமல் கேளுங்கள், சான்றுகள் உண்மையானவை என்ற உறுதி வராமல்தான் அது நிற்கும். அப்பா பழைய ஓய்வூதியத்தில் இருந்தார் என்பதால் பிள்ளைக்கு அது வராது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர் என்ற கணக்கில்தான் அவர் புதிதாகத் தொடங்குகிறார். இளநிலை உதவியாளர் என்றால் பவானிசாகர் அடிப்படைப் பயிற்சியையும் முடித்தாக வேண்டும்.

பதில் 6: மதுரை வழக்குரைஞர்

மேலே சொன்னதோடு மகள்கள் பற்றி ஒரு வார்த்தை. திருமணமான மகனைச் சேர்த்துக்கொண்டு, திருமணம் ஆனது என்ற ஒரே காரணத்துக்காக மகளைத் தள்ளுவது செல்லாது என்று கர்நாடகம் உட்படப் பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் அவர் இறந்தவரின் வருமானத்தை நம்பியிருந்தார், இனி அந்தக் குடும்பத்தைத் தாங்குவார் என்பதைக் காட்ட வேண்டும். இரண்டாவது திருமணத்தில் பிறந்த பிள்ளையை அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒதுக்கக் கூடாது என்று 2018-லும் 2022-லும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இது இரண்டாவது மனைவிக்குக் கிடைத்த உரிமை இல்லை, பிள்ளைக்குக் கிடைத்தது. தத்துப்பிள்ளை என்றால் தத்து இறப்புக்கு முன்பே சட்டப்படி நடந்திருக்க வேண்டும்.

நிராகரித்தால், காரணம் எழுதிய ஆணையைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக "கிடைக்காது போங்கள்" என்றதை வைத்து வழக்கு நடத்த முடியாது. மாநில அரசு ஊழியர் குடும்பம் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ நீதிப்பேராணை மனு போட வேண்டும். மத்திய அரசு, ரயில்வே என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம், ஆணை வந்த ஓராண்டுக்குள். நீதிமன்றம் பொதுவாக "மறுபடி பரிசீலியுங்கள்" என்றுதான் சொல்லும், தானே வேலை போட்டுக் கொடுக்காது. அதிலும் பத்து வருடம் கழித்து வந்தால், இத்தனை நாள் குடும்பம் பிழைத்துவிட்டதே என்ற கேள்வி முதலில் வரும். 2023-இல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் தாமதமே கோரிக்கையைக் கொன்றது.

தரகருக்குப் பணம் கொடுப்பது பற்றி. 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில், அரசு ஊழியரைச் சரிக்கட்ட லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். முன்பணம் ஏதாவது கைமாறியிருந்தால் அந்த ஏழு நாளை எண்ணிக்கொள்ளுங்கள்.

பதில் 7: கோட்டை ரயிலடி

மத்திய அரசு ஊழியர் குடும்பங்கள் இந்த இழையைப் படித்துக் குழம்பக் கூடாது என்பதற்காக. அங்கே மூன்று ஆண்டுக் காலக்கெடு 2003-இல் வந்தது, 2012 ஜூலையில் எடுக்கப்பட்டது. ஆனால் நேரடி நியமனக் காலியிடங்களில் 5 சதவீதம்தான் கருணை நியமனத்துக்கு. அதனால் யார் அதிக வறுமையில் என்று மதிப்பெண் போட்டு ஒப்பிடுவார்கள். குடும்ப ஓய்வூதியம், பணப்பலன், திருமணமாகாத மகள்கள், சிறு பிள்ளைகள், மீதமிருந்த பணிக்காலம் எல்லாம் கணக்கில் வரும். காலக்கெடு இல்லை என்று தாமதித்தால் இந்தப் போட்டியில்தான் பின்தங்குவீர்கள்.

காணாமல் போன ஊழியர் குடும்பமும் கேட்கலாம். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, இரண்டு ஆண்டு தேடியும் கிடைக்கவில்லை என்று இருக்க வேண்டும். ஓய்வுக்கு இரண்டு ஆண்டுக்குள் இருந்தவர் காணாமல் போனால் கிடையாது. வேலை பெறுபவர் குடும்பத்தில் மற்றவர்களைப் பராமரிப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மாவைக் கைவிட்டால் அந்த வேலையையே பறிக்கலாம். இந்த ஒரு விதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பதில் 8: மருதூரான்

எல்லோருக்கும் நன்றி. முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை. தரைத்தளப் பணி கேட்டு மனு எழுதச் சொல்லிவிட்டேன். தம்பிக்கு வேறு என்ன வழி?

பதில் 9: பழைய கோப்பு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், வயது 26. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும், அதில் இளநிலை உதவியாளரும் உண்டு, வி.ஏ.ஓ.வும் உண்டு. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதிக் கேள்வி தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆனால் 60-ஐக் குறியாக வைத்துப் படிக்கக் கூடாது, தமிழில் எடுப்பதுதான் தரவரிசையைத் தூக்கிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை வரி விடாமல் படிக்கட்டும். பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்திருந்தால் 20 சதவீத முன்னுரிமைக்கான சான்றை இப்போதே பள்ளியில் வாங்கி வைக்கட்டும், கடைசி நேரத்தில் தலைமையாசிரியர் கையெழுத்துக்கு அலைய வேண்டாம். தட்டச்சு தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் மேல்நிலை முடித்தால் தட்டச்சர் பதவிக்கும் சேர்த்துப் போட்டியிடலாம்.

சித்தப்பாவுக்கு மூன்று வருடச் சம்பளம் இருக்கிறது. தரகருக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு சிறு பங்கு தட்டச்சு வகுப்புக்குப் போதும்.